மீனுக்குச் சாட்சி யார்?

சங்கரன்கோவிலில் மீன் வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ரொம்பக் குறைவு. எப்ப வந்தது, கிலோ என்ன விலை, ஐஸ்ல எத்தனை நாள் கிடந்தது. பதிலில் நம்பிக்கை வரவில்லையென்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் சரி. கண் குழி விழுந்திருந்தால் அடுத்த கடை. கடல் எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கிறது. தூத்துக்குடியில் ஏலம் போன மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, கோவில்பட்டி தாண்டி, விடிவதற்குள் வந்து சேரும். சாளை, அயிலை, நெத்திலி, காரல், எப்போதாவது நல்ல விளமீன்.

இந்தக் கேள்விகள் எல்லாமே நம் வயிற்றைப் பற்றியவை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இந்த மீன் என்னை என்ன செய்யும் என்றுதான் கேட்கிறோம். இந்த மீனைப் பிடித்தது கடலை என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விற்கிற அண்ணாச்சி, தம்பிக்குக் காலையிலேயே ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்.

உலகத்தின் வேறு சில ஊர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பதில் கிடைத்துவிடுகிறது. லண்டனிலோ பெர்லினிலோ ஒரு பெரிய கடையில் மீன் பாக்கெட்டை எடுத்தால், பல பாக்கெட்டுகளில் ஒரு சின்ன நீல முத்திரை இருக்கும். மீன் வடிவம், அதிலேயே ஒரு டிக் குறி. இந்த மீன் வளம் குன்றாத முறையில் பிடிக்கப்பட்டது என்று பொருள். வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கூடையில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு மீனின் நியாயத்தைக் காகிதத்தில் எழுத முடியுமா? முடியும் என்றால், யார் யாருக்கு எழுதித் தருகிறார்கள்?

*

முதலில் ஒரு சின்ன ஒப்பீடு. நகைக்கடையில் 916 முத்திரை பார்க்கிறோம். 2021இலிருந்து ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது. அந்த முத்திரை சொல்வது தங்கத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சங்கதியை. சந்தேகம் வந்தால் உரசிப் பார்க்கலாம், உருக்கிப் பார்க்கலாம். முத்திரை பொய் சொன்னால் தங்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

மீனில் அது நடக்காது. ஒரே எடை, ஒரே ருசி, ஒரே சிவப்புச் செவுளோடு இரண்டு அயிலை பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்று, குஞ்சுகள் தப்பிப்போகிற அளவு கண்ணுள்ள வலையில் மாட்டியது. இன்னொன்று, கடலடியை வழித்துக்கொண்டு போன இழுவைமடியில் வந்தது. எந்தப் பரிசோதனைக்கூடத்தில் வெட்டிப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது. நியாயம் மீனின் உடம்பில் இல்லை. அது பிடித்த விதத்தில் இருக்கிறது. பிடிக்காமல் விட்ட மீன்களில் இருக்கிறது. வாங்குகிறவரின் கைக்கு வரும்போது அந்தச் சம்பவம் முடிந்துபோயிருக்கும். எனவே யாராவது சாட்சி சொல்ல வேண்டும். மீன் சான்றிதழ் என்பது அடிப்படையில் ஒரு சாட்சிப் பத்திரம்.

சாட்சி என்று வந்துவிட்டால் சில பழைய கேள்விகள் கூடவே வந்துவிடும். சாட்சிக்குப் பணம் கொடுத்தது யார்? அவர் என்னென்ன பார்த்தார்? யார் முன்னால் சொல்கிறார்?

*

இந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு பெரிய பேரிழப்பு இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் காட் என்ற மீனை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தீரவே தீராது என்று நம்பப்பட்ட மீன். பெரிய தொழிற்சாலைக் கப்பல்கள் வந்த சில பத்தாண்டுகளில் அது சரிந்தது. 1992 ஜூலை 2ஆம் தேதி கனடா அரசு அந்த மீன்பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. இரண்டு ஆண்டுகளுக்கு என்று தொடங்கிய தடை 2024 வரை நீண்டது. மீன் திரும்பி வருவதற்குள் ஒரு தலைமுறை வேறு தொழிலுக்குப் போய்விட்டது.

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், 1997இல், உறைமீன் விற்பனையில் பெரிய ஆளாக இருந்த யூனிலீவரும், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூடபிள்யூஎஃபும் சேர்ந்து மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலைத் தொடங்கின. சுருக்கமாக எம்எஸ்சி. சில ஆண்டுகளில் அது தனி அமைப்பானது. 2000இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சிங்கி இறால் மீன்பிடிப்பு முதல் சான்றிதழைப் பெற்றது. வளர்ப்பு மீன், இறால் பண்ணைகளுக்கு என்று 2010இல் ஏஎஸ்சி என்ற இன்னொரு அமைப்பு வந்தது.

எம்எஸ்சி கேட்பது மூன்று விஷயம். மீன் இருப்பு போதிய அளவில் இருக்கிறதா? பிடிக்கும் முறை மற்ற உயிர்களையும் கடலடியையும் எவ்வளவு பாதிக்கிறது? கட்டுப்படுத்த ஒழுங்கான நிர்வாகம் இருக்கிறதா? பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த வடிவத்தில் இந்த மூன்றும் 28 அளவுகோல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஏதாவது ஒன்றில் 60க்குக் கீழே போனால் தோல்வி. 60க்கும் 80க்கும் நடுவில் என்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு தேர்ச்சி. மூன்று பகுதியிலும் சராசரி 80 வேண்டும். மதிப்பீட்டை எம்எஸ்சி தானே செய்யாது. தனி மதிப்பீட்டு நிறுவனங்கள் செய்யும். அறிக்கை பொதுவில் வெளியாகும், ஆட்சேபம் சொல்ல வழி உண்டு. சான்று ஐந்து ஆண்டுகளுக்கு. நடுவில் ஆண்டுதோறும் சோதனை.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சந்தோஷம் வரும். "எங்க மீன் நல்ல மீன்" என்ற ஒரு வரியை உடைத்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பொய்யாக்கிப் பார்க்கக்கூடிய வாக்கியமாக மாற்றியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் டெஸ்ட் கேஸ் எழுதுவது இப்படித்தான். சும்மா நல்லா ஓடுது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டோம். என்ன கொடுத்தால் என்ன வர வேண்டும், வரலைன்னா எங்கே உடைஞ்சது என்று கேட்போம். பெரிய மனுஷன் சொன்னால் சரி, சாமி சொன்னால் சரி என்று பழகிய சமூகத்தில், ஆதாரம் காட்டு என்று கேட்பதே ஒரு அறம். சான்றிதழைக் கேலி செய்கிறவர்கள் இந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது.

*

இதற்கு இந்திய உதாரணம் எங்கள் ஊருக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. கொல்லம் ரயில் சங்கரன்கோவில் வழியாகத்தான் போகிறது. தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய், புனலூர், அப்புறம் கொல்லம். அங்கே அஷ்டமுடிக் காயல். அதன் முகத்துவாரப் பகுதியில் கிடைக்கும் ஒரு சின்ன மட்டிதான் கதாநாயகன்.

1980களில் தென்கிழக்கு ஆசியச் சந்தைகளில் இந்த மட்டிக்குக் கிராக்கி கூடியது. அள்ளினார்கள். 1990களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு, உடனே பாதியாகச் சரிந்தது. அப்போது மட்டி எடுப்பவர்களும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து சில கட்டுப்பாடுகளுக்கு வந்தார்கள். இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கக்கூடாது. வலைக்கண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கக்கூடாது. குட்டி மட்டியை ஏற்றுமதி செய்யக்கூடாது. இயந்திரம் வைத்து வாரக்கூடாது. மட்டி திரும்ப வந்தது. சுமார் 3,000 பேருக்கு அதில் பிழைப்பு.

2014 நவம்பரில் இந்த மீன்பிடிப்புக்கு எம்எஸ்சி சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் அதுவே முதல். டபிள்யூடபிள்யூஎஃப் இந்தியாவும் ஆராய்ச்சி நிறுவனமும் கூட நின்றன. நிர்வாகத்துக்கென்று ஒரு குழு அமைந்தது.

இதில் தேதிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். கட்டுப்பாடு வந்தது 1990களில். காகிதம் வந்தது 2014இல். நடுவில் இருபது வருஷம் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த மனிதர்கள் காயலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள். அப்போது எந்த ஐரோப்பியக் கடைக்காரரும் அவர்களைக் கவனிக்கவில்லை. நல்லது முன்னாடியே நடந்துவிட்டது; நல்லது நடந்தது என்று தூரத்தில் இருக்கிற ஒருவருக்கு நிரூபிக்கத்தான் 2014 தேவைப்பட்டது. நல்லது செய்வதும், நல்லது செய்ததை நிரூபிப்பதும் வேறு வேறு வேலை. இரண்டாவது வேலைக்குச் செலவு அதிகம். பதிவேடு வேண்டும், ஆய்வு வேண்டும், மதிப்பீட்டாளர் வந்துபோக வேண்டும். மொத்தத்தில் பல லட்சம் ரூபாய் ஆகும்.

கதை 2014இல் முடியவில்லை. அதற்குப் பிறகு அஷ்டமுடியில் மட்டி மறுபடியும் குறைந்தது. காயலில் மாசு கூடியது. தென் அமெரிக்கக் கடலைச் சேர்ந்த ஒரு அந்நியச் சிப்பி வந்து பரவியது; இந்த மாதிரி உயிர்கள் பெரும்பாலும் கப்பல்களோடு வந்து சேர்பவை. ஆராய்ச்சி நிறுவனம் குஞ்சு பொரிப்பகத்தில் மட்டிக் குஞ்சுகளை வளர்த்து லட்சக்கணக்கில் காயலில் விதைக்க வேண்டிய நிலை வந்தது. மட்டி எடுக்கிறவர்கள் டிசம்பரில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது உண்மை. ஆனால் சாக்கடையை விட்டவர்களும் கப்பல் ஓட்டியவர்களும் எந்த மதிப்பெண் அட்டையிலும் தேர்வு எழுதவில்லை. காயலோடு உறவுள்ள எல்லோரிலும், மிகக் குறைவாகச் சம்பாதிக்கிறவரிடம்தான் சான்றிதழ் கேட்கப்பட்டது.

*

நான் இருக்கும் துறையில் ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை வரும். தகவல் பாதுகாப்பு, தர நிர்ணயம் என்று பல பெயர். அந்த வாரம் எல்லோரும் ஆவணங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தணிக்கையாளர் கேட்பதெல்லாம் எழுதி வைத்ததை. ஒரு நல்ல வழக்கம் பத்து வருஷமாக ஒரு குழுவில் இருக்கிறது, ஆனால் எங்கும் எழுதப்படவில்லை என்றால், தணிக்கையின் கண்ணில் அது இல்லை. எழுதி வைத்துவிட்டு யாருமே பின்பற்றாத ஒன்று, கையெழுத்துகள் சரியாக இருந்தால், இருக்கிறது. இதனால் தணிக்கை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாத இடங்களில் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குத் தெரிவது எழுத்து மட்டும்தான்.

எழுதப்படாத நல்ல வழக்கங்கள் நம் கடற்கரையில் நிறைய உண்டு. பழவேற்காடு ஏரியில் பாடு என்றொரு முறை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சிலதான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடமும் மோசமான இடமும் சுற்றி எல்லோருக்கும் வரும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து. இங்கே சாட்சி பக்கத்துப் படகுக்காரர். தினமும் முகத்தைப் பார்க்க வேண்டியவர்.

எம்எஸ்சியின் கேள்வி, மீன் நாளைக்கும் இருக்குமா என்பது. பாடு கேட்பது, இன்றைக்கு யாருடைய முறை என்று. முதல் கேள்வி இயற்கையைப் பற்றியது, இரண்டாவது பங்கைப் பற்றியது. கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் முதலில் வரும். பங்கு நியாயமாக இல்லாத இடத்தில் யாரும் நாளைக்காக விட்டுவைக்க மாட்டார்கள். நான் விட்டால் அவன் எடுத்துக்கொள்வான் என்றால் நான் ஏன் விட வேண்டும்?

பழையது எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பாடு முறையில் பங்கு பட்டினவர் சமூகத்து ஊர்களுக்குத்தான். அதிலும் ஊர்க்கணக்கில் சேர்ந்த ஆண்களுக்கு. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. முறைக்குள் இருப்பவர்களுக்கு மிக நியாயமான முறை; வெளியே நிற்பவர்களுக்குச் சுவர். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியாக இருப்பதில் ஒரு சூடு இருக்கிறது, ஆனால் யார் பக்கத்து வீட்டுக்காரர் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. காகிதத்துக்கு முகம் கிடையாது. அதனால்தான் சில நேரம் அது நியாயமாகவும் இருக்க முடிகிறது.

*

தூரத்திலிருந்து கேட்கப்படும் கேள்வி சரியான கேள்வியாகவே இருந்தாலும் கேட்கும் விதம் தவறாக இருக்கலாம். அதற்கு ஒரு பெரிய உதாரணம் பங்குனி ஆமை.

இழுவைமடிகளில் இறாலோடு ஆமைகளும் மாட்டும். ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டிய உயிர்; மடிக்குள் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வலையில் ஒரு கம்பித் தடுப்பும் ஒரு திறப்பும் வைத்தால் பெரும்பாலான ஆமைகள் தப்பிவிடும். அமெரிக்கா 1989இல் ஒரு சட்டம் போட்டது. இந்தக் கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று. பிறகு அதை எல்லா நாடுகளுக்கும் விரித்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998இல் மேல்முறையீட்டு அமைப்பு சொன்ன தீர்ப்பு யோசிக்க வைப்பது. ஆமையைக் காப்பாற்ற நினைப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் அமல்படுத்திய விதம் பாரபட்சமானது. சில நாடுகளோடு உட்கார்ந்து பேசினார்கள், அவகாசம் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் உத்தரவு மட்டும் போட்டார்கள்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் 2019இல் இந்தியாவின் கடல்பிடி இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடியது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ற கருவியை வடிவமைத்தது. இந்தக் கதையில் அமெரிக்கா திமிராக நடந்துகொண்டது உண்மை. அவர்கள் சொல்லும் வரை நம் ஆமையை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. நம்முடைய கடல், நம்முடைய கரையில் முட்டையிடும் ஆமை; கேள்வி மட்டும் எங்கிருந்தோ வந்தது.

இன்னொரு பக்கம் மாலத்தீவு. மாசிக் கருவாடு தெரியாத தெற்கத்தி ஆட்கள் குறைவு. காயல்பட்டினம், கீழக்கரைச் சமையலில் அதற்குத் தனி இடமே உண்டு. அந்த மாசி, சூரை மீனில் செய்வது. மாலத்தீவுக்காரர்கள் நூற்றாண்டுகளாகச் சூரையைத் தூண்டில் கழியால் ஒன்றொன்றாகப் பிடிக்கிறார்கள். ஆமையும் சுறாவும் அதில் அநேகமாக மாட்டாது. 2012இல் அந்த முறைக்கு எம்எஸ்சி முத்திரை கிடைத்தது. பாட்டன் காலத்துத் தூண்டிலுக்கு ஐரோப்பாவில் நல்ல விலை வந்தது. கேட்க ஆள் இருந்தபோது ஒரு பழைய நன்மைக்கு மதிப்புக் கிடைத்தது என்பதற்கு இது உதாரணம். சான்றிதழ் தன் வேலையைச் சரியாகச் செய்த இடம் என்றே இதைச் சொல்வேன்.

முத்திரை எதைக் கேட்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2015இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இந்தோனேசியாவின் பெஞ்சினா தீவில் கூண்டில் அடைக்கப்பட்ட மீனவத் தொழிலாளர்களைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் மியான்மரிலிருந்து ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் பிடித்த மீன் அமெரிக்கக் கடைகள் வரை போனதைத் தடம் பிடித்து எழுதினார்கள். 2,000 பேருக்கு மேல் விடுதலையானார்கள். அந்தச் செய்திகளுக்கு 2016இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. எம்எஸ்சியின் மூன்று பகுதிகளிலும் மீன் இருந்தது, கடல் இருந்தது, நிர்வாகம் இருந்தது. வலை இழுத்த கை இல்லை. கட்டாய உழைப்பு குறித்த விதிகளைப் பிற்பாடுதான் சேர்த்தார்கள். யாரோ ஒருவர் கேட்ட பிறகு.

*

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது. சான்றிதழில் உள்ள சிக்கல் அது பொய் என்பதல்ல. பல இடங்களில் அது உண்மையைத்தான் சொல்கிறது. கேள்வி கேட்கும் உரிமை பணம் கொடுத்து வாங்குகிறவரிடம் மட்டும் இருக்கிறது, பதில் சொல்லும் கடமை பிடிக்கிறவரிடம் மட்டும் இருக்கிறது. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அஷ்டமுடிக்காரர் டிசம்பரில் என்ன செய்தார் என்று லண்டன் கேட்கலாம். நீ ஏன் இந்த விலைதான் தருவேன் என்கிறாய், என் வலை சும்மா கிடந்த மூன்று மாசம் உன் கணக்கில் எங்கே என்று அஷ்டமுடிக்காரர் திருப்பிக் கேட்க ஒரு படிவமும் இல்லை. முத்திரை போட்டு விற்பவர் விற்பனை மதிப்பில் சுமார் அரை சதவீதம் கட்டணம் கட்டுகிறார். அதோடு அவர் பங்கு முடிந்துவிடுகிறது. நிம்மதி கைக்கு வந்துவிடுகிறது.

ஒழுக்கம் என்பது கேட்கிறவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்கும்போதுதான் முழுசாகிறது. பழவேற்காட்டில் பக்கத்துப் படகுக்காரர் உங்களைக் கேட்கலாம். நாளைக்கு நீங்களும் அவரைக் கேட்கலாம். அந்தத் திருப்பிக் கேட்கும் உரிமைதான் பாடு முறையின் உயிர். சாதிச் சுவரைத் தட்டிவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்பது பெரிய கேள்வி.

உள்ளூரில் நிலைமை இன்னும் வினோதமானது. நம்மிடம் முத்திரையும் இல்லை, பாடும் இல்லை. வெளிநாட்டுக்குப் போகிற மட்டிக்கு இத்தனை அளவுகோல். எங்கள் ஊருக்கு வருகிற சாளைக்கு ஒன்றுகூட இல்லை. நம் கடலிலிருந்து பிடிக்கிற மீனில் பெரும்பகுதியைச் சாப்பிடுவது நாம்தான்; கேள்வி கேட்பது மட்டும் கொஞ்சமாக வாங்குகிற வெளிநாட்டுக்காரர். தராசில் எடை ஒரு பக்கம், அக்கறை இன்னொரு பக்கம்.

ஒருநாள் சாளை ரொம்பப் பொடிசாகக் கிடந்ததைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, குஞ்சும் குளுவானுமா வருது" என்றேன். "நீங்க வாங்குதிய, நான் கொண்டாரேன்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. வியாபாரத்தின் இலக்கணத்தைச் சொன்னார். பக்கத்து மாநிலமான கேரளத்தில் 58 வகைக் கடல் உயிர்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்திருக்கிறார்கள். மத்தி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக்கூடாது. அங்கே அவர்கள் மத்தி என்பதும் இங்கே நாம் சாளை என்பதும் ஒரே மீன். ஒருமுறைகூட முட்டையிடாத மீனைச் சாப்பிடுவது, விதை நெல்லை வேகவைப்பது மாதிரி. இதைப் புரிந்துகொள்ள லண்டனிலிருந்து மதிப்பீட்டாளர் வர வேண்டியதில்லை. குளத்துப் பாசனம் தெரிந்த எங்கள் ஊர்க்காரருக்கு விதை நெல்லைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் இதை வாங்குகிறவரின் சொந்த ஒழுக்கமாக மட்டும் விட்டுவிட்டால் மறுபடியும் அதே நிம்மதி வியாபாரம்தான். நான் பெரிய சாளையாகப் பார்த்து வாங்கினேன், என் கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடலாம். நான் வாங்காத குஞ்சுகள் மாவு ஆலைக்குப் போய்க் கோழித்தீவனம் ஆகும். ராமேசுவரம் பக்கம் இதைச் சங்காயம் என்பார்கள். இழுவைமடியில் வரும் இந்தப் பொடிமீனுக்கென்றே தனிச் சந்தை இருக்கிறது. என் தட்டிலிருந்து ஒதுங்கியது என் முட்டைக்கறியில் திரும்ப வரும்.

அதனால் கேள்வியை வாங்குகிறவராக மட்டும் கேட்டால் போதாது, குடிமகனாகவும் கேட்க வேண்டும். இங்கே நமக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1990களில் நாகப்பட்டினம் பகுதியில் இறால் பண்ணைகள் விளைநிலத்தையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் கிராம மக்களோடு சேர்ந்து போராடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 11ஆம் தேதி வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த தொழில்முறைப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பின்னர் 2005இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளுக்கு வேறு வழி திறந்துவிட்டது, வாஸ்தவம்தான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இறால் வாங்குகிறவர்கள் இல்லை. பக்கத்து வயலில் நெல் நட்டவர்கள். எந்த முத்திரையும் அவர்களைச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டிருக்காது. அவர்களே நீதிமன்றத்தைச் சாட்சிக்கூண்டாக மாற்றிக்கொண்டார்கள்.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இலிருந்து இருக்கிறது. கரையோரக் கடல் நாட்டுப்படகுக்காரர்களுக்கு என்று அது சொல்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக்கூடாது. 2017க்கு முன்னால் இது 45 நாளாக இருந்தது. அந்த 61 நாளும் மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். இரண்டு மாசத்துக்கு. கடல் மூச்சுவிடுவதற்கான செலவில் மீதியை அந்தக் குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டுகின்றன. அதே இரண்டு மாசம் சங்கரன்கோவிலில் நாம் பேசுவது, "மீன் என்ன இந்த விலை விக்குது?"

அந்த விலையை நான் இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். கடல் ஓய்வெடுப்பதன் செலவில் நம் பங்கு அதில் கொஞ்சம் இருக்கிறது. மிகச் சின்னப் பங்கு. அதைக் கொடுக்க முணுமுணுக்கிறவருக்கு, அடுத்த படகுக்காரர் என்ன வலை போட்டார் என்று கேட்கும் உரிமை கொஞ்சம் குறைவுதான். 8,000 ரூபாய் போதுமா, இழுவைமடி எல்லை தாண்டுவதை யார் கண்காணிக்கிறார்கள், கேரளத்தில் உள்ள அளவு விதி இங்கே ஏன் சந்தை வரை வரவில்லை என்றெல்லாம் கடற்கரைத் தொகுதிக்காரர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மீன் எங்கள் தொகுதிக்கும் வருகிறது. எங்கள் எம்எல்ஏவிடம் நாங்கள் இதுவரை பூ மார்க்கெட்டையும் விசைத்தறி மின்கட்டணத்தையும்தான் கேட்டிருக்கிறோம். அந்தப் பட்டியலில் கடலையும் ஒரு வரி சேர்த்தால் அவர் ஆச்சரியப்படுவார். அந்த ஆச்சரியத்திலிருந்து தொடங்கலாம்.